அந்த அக்கா என்ன ஆனார்?

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

எனக்கு வயது 47. கும்பகோணத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் ஒரு கிராமம். கொஞ்சம் நிலமும் ஓர் உரக்கடையும் உண்டு. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு.

போன மாதம் அடைமழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள். மின்சாரமும் இல்லை. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது என் பள்ளிக்கூடக் காதல் கதையைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. இந்த வயதில் இப்படியெல்லாம் தோன்றும், பிறகு தானே போய்விடும், படிப்புதான் கடைசிவரை கூட வரும் என்பது மகளுக்கு நோகாமல் புரியட்டும் என்றுதான் சொன்னேன்.

கதை இவ்வளவுதான். 1993. எங்கள் வகுப்பில் ஒரு பெண், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவாள். அவள் வீட்டுக்குப் போகும் நேரம் பார்த்து அப்பாவின் சைக்கிளில் பின்னாலேயே போவேன். ஒருநாள் செயின் கழன்று, அவள் கண்ணெதிரிலேயே வாய்க்காலில் விழுந்தேன். டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு முன், ஒரு கடிதம் எழுதி அவளுடைய அறிவியல் நோட்டில் வைத்தேன். அன்றைக்கென்று பார்த்து ஆசிரியர் நோட்டுகளைத் திருத்த வாங்கிவிட்டார். ‘உன் நினைவாகவே இருக்கிறேன்’ என்று எழுதுவதாக நினைத்து ‘உண் நினைவாகவே இருக்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்து, "என்னடா, சாப்பாட்டு நினைவாகவா இருக்கிறாய்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு உள்ளங்கையில் ஆறு பிரம்படி. விஷயம் தெரிந்த அப்பாகூடத் திட்டவில்லை, சிரித்துவிட்டார். இந்தக் கதையை நூறு முறையாவது சொல்லியிருப்பேன். எங்கே சொன்னாலும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

மகளும் சிரித்தாள். பிறகு, "அந்த அக்கா என்ன ஆனார்?" என்று கேட்டாள். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை என்றேன். "அந்தக் கடிதத்தாலா?" என்றாள். பதில் சொல்லவில்லை. "அப்படியென்றால் அவர் பத்தாவது எழுதவே இல்லையா?" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. "பெண் குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது?" என்று மனைவி கடிந்துகொள்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் நினைத்ததே இல்லை. இப்போது மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், அவளுடைய எண்ணை விசாரித்து வாங்கித் தருவதாகச் சொல்கிறான். பேசி மன்னிப்புக் கேட்டுவிடலாமா? மகளிடம் என்ன சொல்வது?

பின்குறிப்பு: பொதுத்தேர்வில் எனக்கு முன்னால் மூன்றாவது பெஞ்சில் அவளுடைய தேர்வு எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். எல்லாத் தேர்வுக்கும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் பின்குறிப்பைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் பார்த்துவருவது இது: வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் எதையெதையோ பேசுவார்கள். எழுந்துபோய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்பார்கள். வந்ததே அதற்காகத்தான் இருக்கும்.

அந்தப் பெண்ணைப் பற்றி நினைத்ததே இல்லை என்று மேலே எழுதுகிறீர்கள். மூன்றாவது பெஞ்சு, சுண்ணக்கட்டி, எண் என்று கீழே எழுதுகிறீர்கள். நினைக்காதவருக்கு எத்தனையாவது பெஞ்சு என்பது முப்பது வருடம் கழித்து நினைவிருக்காது. அந்த வயதில் பொதுத்தேர்வு எழுதப்போகும் பையன் கண்ணில் படவேண்டியது கேள்வித்தாள்தான். உங்கள் கண்ணில் அந்தக் காலி இடம் பட்டிருக்கிறது, ஒவ்வொரு தேர்விலும் பட்டிருக்கிறது. ஆனால் நூறு முறை சொன்ன கதையில் அது ஒரு முறைகூட வரவில்லை.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரெடெரிக் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர், கேட்பவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையைக் கொடுத்து, நாள்விட்டு நாள்விட்டுத் திரும்பச் சொல்லவைத்தார். அதைப் பற்றி 1932இல் எழுதினார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. பொருந்தாத இடங்கள் உதிர்ந்தன. மிச்சம் இருந்தது, சொல்பவருக்கு வசதியான உருவத்துக்கு வந்து சேர்ந்தது. நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த பட்டுப்புடவை இல்லை. எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் வெட்டித் தைத்துத்தான் உள்ளே வைக்கிறோம். உங்கள் கதையில் சைக்கிள் நின்றது, வாய்க்கால் நின்றது, ‘உண்’ நின்றது. (அந்த எழுத்துப்பிழை அபாரம். பதினைந்து வயதுப் பையன் இரண்டு நினைவாகவும் இருந்திருப்பான்.) காலி பெஞ்சு மட்டும் உதிர்ந்துவிட்டது. அது இருந்தால் கல்யாண வீட்டில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் சொன்ன ஒரு சொல்லைக் கவனித்தீர்களா? உங்கள் வகுப்பில் படித்தவருக்கு இன்றைக்கு உங்கள் வயது. முறைப்படி உங்கள் மகள் ‘அத்தை’ என்று கேட்டிருக்க வேண்டும். ‘அக்கா’ என்றாள். கதையில் அந்தப் பெண் இன்னும் பத்தாம் வகுப்பிலேயே நிற்கிறாள், உங்கள் மகளுக்குப் பக்கத்து பெஞ்சில். அவளுடைய மூன்று கேள்விகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். என்ன ஆனார், கடிதத்தாலா, பத்தாவது எழுதவில்லையா. ஒன்றில்கூடக் காதல் இல்லை. மூன்றும் பள்ளிக்கூடத்தைப் பற்றியவை.

காதல் வரும், போகும், படிப்பு நிற்கும் என்ற பாடத்தைச் சொல்வதாக நீங்கள் நினைத்தீர்கள். அவள் காதில் விழுந்தது வேறு. கடிதம் எழுதியவனுக்கு ஆறு அடி, அப்பாவின் சிரிப்பு, சொல்லிச் சிரிக்க ஒரு கதை. பெயர் எழுதப்பட்டவளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. வருகிற பொதுத்தேர்வை எழுதப்போகிற பெண் இதைக் கேட்டால் அடுத்து என்ன நினைப்பாள்? நாளைக்கு என் நோட்டில் யாராவது ஒரு தாளை வைத்தால் இந்த அப்பா சிரிப்பாரா, என்னை நிறுத்துவாரா? இதைத்தான் அவள் எழுந்து உள்ளே போகும்போது தன்னோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது. 47 வயதுக்காரரின் குற்ற உணர்வு இன்னும் சில வாரம் காத்திருக்கும்.

அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். "உனக்கு யார் கடிதம் கொடுத்தாலும், நீ யாருக்குக் கொடுத்தாலும், ஊர் என்ன பேசினாலும், உன் படிப்பு ஒரு நாள்கூட நிற்காது." இதை ‘ஆனால்’ போடாமல் சொல்லுங்கள். ‘ஆனால் நீயும் ஒழுங்காக இருக்க வேண்டும்’ என்று ஒரு வால் சேர்த்தீர்களென்றால் முன்னால் சொன்ன அத்தனையும் வீண். அதோடு, உண்மையிலேயே அப்படி நடந்துகொள்ளப்போகிறீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். இந்த வாக்கு உடைவது பெரும்பாலும் பாட்டி பெருமூச்சு விட்டு, "இனிமேல் எதற்குப் பள்ளிக்கூடம்?" என்று கேட்கும் இடத்தில்தான்.

பிறகு, அவள் கேட்டதற்குப் பதில். கேட்ட கேள்விக்கு நீங்கள் வாய் திறக்காததே அவளுக்கு ஒரு பதிலாகப் போய்விட்டது. உண்மையில் உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை, தேர்வு எழுதவில்லை, காரணம் கடிதமாக இருக்கலாம், நீங்கள் விசாரிக்கவே இல்லை. அதை அப்படியே சொல்லுங்கள். காலி பெஞ்சையும் சொல்லுங்கள். எனக்கு எழுதத் துணிந்ததை அவளிடமும் சொல்லலாம். அப்பாவின் கண்ணீரை அவள் துடைத்துவிடும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள், அது அவள் வேலை இல்லை.

எங்கே சொல்வது என்பதும் முக்கியம். கூடத்தில் உட்காரவைத்து, எதிரே நாற்காலி போட்டு, ‘உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும்’ என்று தொடங்கினால் பஞ்சாயத்து மாதிரி இருக்கும். உங்களிடம் வண்டி இருக்கும். பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளை பேசும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, காற்றில் பாதி போய்விடும் என்ற தைரியம் இருக்கும். டியூஷன் விட்டு வரும் வழி போதும்.

யாரையாவது பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். புத்தகப்பையைச் சோதிக்காதீர்கள், கைப்பேசியை வாங்கிப் பார்க்காதீர்கள். பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். அந்த வயதில் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பாதிக்குமேல் தன்னையே பார்த்துக்கொள்வதுதான். நான் யார், என்னை யாராவது கவனிப்பார்களா என்பதைத் தேடும் வேலை அது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் வளரிளம் பருவத்துக் காதலைப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய இதுதான். அதற்குப் பெற்றோர் காவல் தேவையில்லை, கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும்.

ஒரு விலக்கு உண்டு. வயதில் பெரியவர் ஒருவர் அவளிடம் நெருங்குகிறார், படம் கேட்கிறார், வீட்டில் சொல்லாதே என்கிறார், மிரட்டுகிறார் என்றால் அது இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை. 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும், பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. அப்படி ஏதாவது நடந்தாலும் தன் படிப்பு நிற்காது என்று தெரிந்த பெண்தான் வீட்டில் வந்து சொல்வாள். பயந்த பெண் மறைப்பாள்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிந்துகொள்கிறார் என்று. எனக்கென்னவோ இந்த விஷயத்தில் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய ஆள் அவர்தான் என்று படுகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் அவரும் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் நோட்டைத் தூக்கிக்கொண்டு போன பெண்தானே? இந்தக் கதையின் மறுபக்கம் உங்கள் வீட்டிலேயே இருபது வருடமாகச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவர் சிரித்தாரா, நூறு முறையில் ஒரு முறையாவது? கேட்டுப் பாருங்கள். தாளோ பேச்சோ தன்னைத் தேடி வந்தபோது அவர் என்ன செய்தார் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். 1982, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால். கும்பகோணத்தில் படித்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் நான்காக மடித்த தாள் ஒன்று. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. ஏனென்றால் நான் அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் படித்தவள் ஆகிவிடுவேன் என்று பயம். அடுப்பில் போடலாம் என்றால் அம்மா அங்கேயே நிற்கிறார். மறுநாள் அரசலாற்றுப் பாலத்தில் நின்று துண்டு துண்டாகக் கிழித்துக் கீழே போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. மார்ச் மாதம். ஜனவரி 28இல் மேட்டூரை மூடிவிடுவது வழக்கம், ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அத்தனை துண்டும் வெள்ளை வெளேரென்று மணலில் கிடக்கிறது. ஒரு வாரம் அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாராவது குனிந்து பொறுக்கி ஒட்டிவைத்துப் படித்துவிடுவார்கள், என் பெயர் இருக்கும், அப்பாவுக்குத் தெரியும், தேர்வு எழுத விட மாட்டார்கள். எழுதியவன் நல்ல பையனாகக்கூட இருந்திருக்கலாம். எனக்கு அந்தத் தாள் ஒரு பாம்பு.

நீங்கள் நோட்டுக்குள் வைத்தது உங்களுக்குக் கடிதம். அவளுக்கு அது என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இங்கிருந்து உங்கள் முதல் கேள்விக்குப் போகலாம்.

எண்ணை வாங்காதீர்கள். பேசாதீர்கள்.

தொல்காப்பியம் அன்பை ஏழு திணையாக வகுக்கும்போது ஒருதலைக் காதலான கைக்கிளையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குச் சொல்லும் இலக்கணத்தில் ஒரு தொடர் உண்டு: ‘சொல்எதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்.’ எதிர்ச்சொல் கிடைக்காதவன் தானே பேசி இன்பம் காண்பது. 1993இல் நீங்கள் செய்தது அதைத்தான், பதினைந்து வயதில் அதில் தப்பு பெரிதாக இல்லை. முப்பது வருடம் கதை சொல்லிச் சிரிக்கவைத்ததும் அதைத்தான். இப்போது அனுப்ப நினைக்கும் மன்னிப்பும் அதே வகைதான். அவள் கேட்காமலே அவள் கைக்கு வரும் இரண்டாவது கடிதம். அந்தக் கைப்பேசியை அவள் வீட்டில் யார் யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? ‘யார் இந்த ஆள், எந்தக் கடிதம்’ என்று ஒரு மாலை முழுக்க விளக்கம் சொல்லவேண்டியது யார்? உங்கள் தூக்கத்துக்காக இன்னொரு வீட்டின் தூக்கத்தைக் கேட்கிறீர்கள்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. உங்கள் மனத்தில் அவள் இப்போது பாழாய்ப்போன வாழ்க்கை. முன்பு நகைச்சுவைக் கதையில் பெயரில்லாத பாத்திரம், இப்போது சோகக் கதையில் பெயரில்லாத பாத்திரம். அவள் அடுத்த வருடமே தனித்தேர்வராகப் பத்தாவது எழுதித் தேறியிருக்கலாம். எங்கோ ஒரு பள்ளியில் இன்று தலைமையாசிரியையாக இருக்கலாம். ‘உண்’ என்பதை நினைத்துத் தன் பிள்ளைகளிடம் அவளும் சிரித்திருக்கலாம். அந்தக் கடிதத்துக்கும் அவள் நின்றதற்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். உயர்நிலைப் பள்ளி தூரம், ஆறு தாண்ட வேண்டும், வீட்டில் கைக்குழந்தை, நடவுக்கு ஆள் இல்லை என்று டெல்டாவில் பெண்கள் பாதியில் நின்றதற்கு அப்போது ஆயிரம் காரணங்கள் இருந்தன. கல்யாணமும் ஒன்று. 1978இலேயே பெண்ணின் திருமண வயது 18 என்று சட்டம் திருத்தியாகிவிட்டது, அக்கரைக்கு அது வந்துசேர நாளாயிற்று.

இதைச் சொல்வது நீங்கள் ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுப்பதற்கல்ல. கடிதம்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கை நேராகப் போட வேண்டும். பின்விளைவை எடைபோடும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் ஒரு தாளை நோட்டில் வைக்கும்போது அடுத்த வாரத்தைக்கூட யோசிப்பதில்லை. ஆசிரியர் பெரியவர். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாலையில் உங்களைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். நாற்பது பேர் முன்னால் படித்தது அவர். அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தால், நிறுத்தியது அவள் வீட்டுப் பெரியவர்கள். உங்கள் அப்பாவும் சிரித்ததோடு விட்டாரே தவிர, அக்கரைக்கு ஒரு நடை போய், ‘தப்பு என் பையனுடையது, உங்கள் பெண்ணை அனுப்புங்கள்’ என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்த ஒரு நடைக்கு இருந்த மதிப்பு, இன்றைய உங்கள் வாட்ஸ்அப் செய்திக்குக் கிடையாது.

உங்கள் பங்கு என்று நான் எழுதுவது கடிதத்தை அல்ல. அதற்குப் பிறகான முப்பது வருடத்தை. இருபத்தைந்து வயதில், முப்பத்தைந்து வயதில், காலி பெஞ்சு தெரிந்தும் அதை விட்டுவிட்டுக் கதை சொன்னது பையன் இல்லை, நீங்கள்.

குற்ற உணர்வு கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ‘நான் ஒரு மோசமானவன்’ என்று தன்னைச் சுற்றியே வந்தால் அது மனிதனைப் படுக்கையில் போடும். ‘நான் இதைச் செய்தேன்’ என்று நின்றால் கைக்கு ஏதாவது வேலை கொடுக்கும். உங்களுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். முதலாவது, எண் வாங்கித் தருவதாகச் சொன்ன நண்பனிடம், ‘அவளைக் கேட்காமல் அவள் எண்ணை யாருக்கும் கொடுக்காதே’ என்று சொல்லுங்கள். குழுவிலேயே சொன்னாலும் நல்லது. அடுத்த சந்திப்பில் யாராவது ‘உண் நினைவாக’ என்று ஆரம்பித்தால், ‘அந்தக் கதையை நான் இப்போது சொல்வதில்லை’ என்று முடித்துவிடுங்கள். அவள் தானாக ஒருநாள் அந்தக் குழுவுக்கு வந்தால், பேசுவதா வேண்டாமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது, உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், பெற்றோர்கள்தான் அதில் பெரும்பாலும். ஜனவரியில் போய், அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு யார் யார் வரவில்லை என்று கேளுங்கள். உரக்கடைக்காரருக்கு எந்த வீடு எந்தத் தெருவில் என்று தெரியும், எந்த வீட்டில் கடன் என்றுகூடத் தெரியும். நின்றுபோன பெண் ஒருத்தி இருந்தால் அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேச உங்களால் முடியும். சொல்வதற்குக் கையில் விஷயமும் இருக்கிறது. மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திட்டம், ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தது. 2022இல் அதைப் படிப்புக்கு மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய். அப்பாக்கள் பலர் இதைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

தூக்கம் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. தேர்வுக்கு முந்தின நாள் எதையும் ஆரம்பிக்காதீர்கள். இந்த வாரத்திலேயே, மழை விட்ட ஒரு மாலை, டியூஷன் முடிந்து அவளைக் கூட்டிவரும்போது குடமுருட்டிக் கரை வழியாக வண்டியை மெதுவாக விடுங்கள். படிப்பு நிற்காது என்பதை முதலில் சொல்லுங்கள், பெஞ்சைப் பிறகு. அவள் ஒன்றும் பதில் சொல்லாமல், கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டு பஜ்ஜி கேட்டால், வாங்கிக் கொடுங்கள். அம்மாவுக்கும் தம்பிக்கும் பொட்டலம் கட்டச் சொல்லுங்கள்.